மரண விளிம்பில் கண்டவை: இந்த ஆராய்ச்சி எங்கிருந்து தொடங்கியது?

காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் சாவு வீடு என்றால் இரவெல்லாம் பந்தலில் ஆட்கள் இருப்பார்கள். வெளியூர் உறவுகள் வந்து சேரும்வரை கானா பாடுகிறவர்கள் பாடுவார்கள். அவர்கள் டீ குடிக்க எழுந்துபோகும் இடைவெளியில் பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் இந்தக் கதைக்கு வந்து நிற்கும்: "எங்கள் பெரியப்பாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். 'யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள், ஆள் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்' என்றார்." உடனே பக்கத்து நாற்காலியில் இருக்கும் இளைஞர் கைபேசியில் பார்த்த காணொளியைச் சொல்வார். இருட்டுக் குகை, அதன் கோடியில் வெளிச்சம், செத்துப்போன பாட்டி கையசைத்து அழைத்தது. பிறகு பந்தல் இரண்டு கட்சியாகப் பிரியும். சொர்க்கம் இருப்பதை விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று ஒரு கட்சி. எல்லாம் கட்டுக்கதை என்று மறு கட்சி.

வடசென்னையில் மீனவர் குடியிருப்புகளில் முதலுதவி வகுப்பு நடத்துகிறவன் நான். நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறையைக் கற்றுக்கொடுத்து முடித்ததும் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் போவதில்லை. இரண்டு கட்சிகள் சொல்வதும் சரியில்லை என்பதே என் பதில். இந்த ஆராய்ச்சி எதற்காகத் தொடங்கியது, எதைக் கேட்கிறது என்பது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்?

இறக்கும் நிலைக்கு மிக அருகே போய்த் திரும்பியவர்கள், அந்த நேரத்தில் கண்டதாகவும் உணர்ந்ததாகவும் பிறகு நினைவுகூர்ந்து சொல்வதை 'மரண விளிம்பு அனுபவம்' என்கிறார்கள். பேரமைதி, உடலை விட்டு வெளியே வந்து மேலிருந்து பார்ப்பது, இருட்டைக் கடப்பது, வெளிச்சம், இறந்துபோனவர்களைச் சந்திப்பது, வாழ்க்கை முழுவதும் கண்முன் ஓடுவது, இனிப் போக முடியாத ஓர் எல்லைக்கு வந்து திரும்புவது ஆகியவை அடிக்கடி சொல்லப்படுகின்றன. எல்லாவற்றையும் ஒருவரே சொல்வது அரிது.

இங்கே 'விளிம்பு' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. சொல்கிறவர் உயிரோடு இருந்து சொல்கிறார். ஆகவே ஆராய்ச்சிக்குக் கிடைப்பது சாவுக்கு அப்பால் இருந்து வந்த செய்தி ஆகாது. சாவுக்கு முன்னால் நின்று திரும்பியவரின் வாக்குமூலம்.

மரணம் ஒரு நொடியில் நடப்பதா?

காசிமேட்டில் ஐஸ் கம்பெனிக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தகர அச்சுகளில் நல்ல தண்ணீரை ஊற்றி, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் உப்புநீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறக்கி வைத்திருப்பார்கள். கரண்ட் போனால் இயந்திரம் அந்தக் கணமே நின்றுவிடும், சத்தம் அடங்கிவிடும். ஆனால் அச்சுக்குள் இருக்கும் கட்டி அப்போதே தண்ணீராகிவிடாது. தொட்டியின் குளிர்ச்சி கொஞ்சங் கொஞ்சமாகக் குறையும். கரண்ட் சீக்கிரம் திரும்பினால் கட்டி தப்பிக்கும். மிகவும் தாமதமானால் இயந்திரம் ஓடியும் அந்தச் சரக்குக்குப் பயனில்லை.

உடலிலும் ஏறக்குறைய இப்படித்தான். இதயம் திடீரென்று ரத்தத்தை அனுப்புவதை நிறுத்திவிடுவதற்கு 'இதய நிறுத்தம்' என்று பெயர். (மாரடைப்பு வேறு. இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது மாரடைப்பு. அது இதய நிறுத்தத்தில் கொண்டுவிடலாம், விடாமலும் போகலாம்.) மூளை, உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான்; ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமிப்பு என்று அதனிடம் ஏதும் கிடையாது. அதனால் இதயம் நின்ற 10 முதல் 20 நொடிக்குள் நினைவு தப்பிவிடும். மூளையின் மேற்பரப்பு மின்னலைகளும் ஏறக்குறைய அந்த நேரத்திலேயே அடங்கிப்போகின்றன. ஆனால் செல்கள் அப்போதே செத்துவிடுவதில்லை. நிரந்தரச் சேதம் தொடங்கச் சில நிமிடங்கள் ஆகும். வழக்கமாக 4 முதல் 6 நிமிடம் என்று சொல்வார்கள். இதயமும் மூச்சும் நின்றிருந்தும் மீட்க வழியிருக்கும் இந்த இடைவேளைக்கு மருத்துவர்கள் 'கிளினிக்கல் மரணம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூளைச் சாவு இதிலிருந்து முற்றிலும் வேறு. மூளைத்தண்டு உள்பட மூளையின் செயல் மீளவே முடியாதபடி நின்றுபோன நிலை அது. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் அதைச் சான்றளிக்க முடியும். உறுப்பு தானம் என்றதும் "ஒருவேளை எழுந்துவிட்டால்?" என்று பதறுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதற்றத்துக்குப் பெரும்பாலும் பந்தலில் கேட்ட கதைகள்தான் காரணம். மரண விளிம்பு அனுபவம் சொன்னவர்களின் மூளை மீளக்கூடிய நிலையில் இருந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பினால், வேறு யாருக்கோ கிடைக்கவேண்டிய சிறுநீரகமும் கல்லீரலும் மண்ணுக்குள் போய்விடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மரணம் நேரம் எடுத்துக்கொள்கிற நிகழ்வு. அதன் முற்பகுதியிலிருந்து சிலரை மீட்க முடியும். அப்படி மீண்டவர்கள் சொல்வதுதான் நம் பொருள்.

கடலில் விழுந்த சிறுவனும் மலையில் விழுந்த பேராசிரியரும்

இந்த ஆராய்ச்சியின் வேர் ஆவியுலகக் கூட்டங்களில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், மிக நல்ல பழைய சாட்சிகள் இரண்டும் விபத்தில் சிக்கிப் பிழைத்த அறிவியல் மனிதர்களிடமிருந்து வந்தவை.

முதலாமவர் பிரான்சிஸ் போஃபோர்ட். காற்றின் வேகத்தைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லும் போஃபோர்ட் அளவுகோல் இவர் பெயரில்தான் வழங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கடற்படையில் இளைஞனாக இருந்தபோது இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் தண்ணீரில் விழுந்து மூழ்கினார். நீச்சல் தெரியாது. கை கால் அடித்து ஓய்ந்தபோது அச்சம் போய் ஆழ்ந்த அமைதி வந்தது என்றும், தன் வாழ்க்கை நிகழ்ச்சிகள் கடைசியிலிருந்து முதலை நோக்கிப் பின்னோக்கி ஓடின என்றும் பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவ அறிஞருக்குக் கடிதம் எழுதினார். தூக்கி வெளியே போட்டபோதுதான் வலியும் வேதனையும் வந்ததாம்.

இதை வகுப்பில் சொல்லும்போது, வலை பின்னியபடி கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்கள் தலையசைப்பதைப் பார்த்திருக்கிறேன். படகிலிருந்து தவறி விழுந்து மீட்கப்பட்டவர்கள் இல்லாத மீனவர் தெரு ஏது?

இரண்டாமவர் ஆல்பர்ட் ஹைம், சுவிட்சர்லாந்தின் நிலவியல் பேராசிரியர். 1871-இல் ஆல்ப்ஸ் மலையில் இறங்கும்போது காற்றில் பறந்த தொப்பியைப் பிடிக்கப்போய்ச் சறுக்கி, பாறை விளிம்பைத் தாண்டி ஏறத்தாழ 20 மீட்டர் கீழே பனியில் விழுந்தார். அந்தச் சில நொடிகளில் அவர் மனத்தில் ஓடியதைச் சொல்ல நெடுநேரம் ஆகும் என்கிறார். தப்பிக்கும் வழிகளை யோசித்தார். தன் சாவுச் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேருவதை நினைத்தார். கடந்துபோன வாழ்க்கையை, தூரத்து மேடையில் நடக்கும் நாடகம்போல் பார்த்தார். பயமோ வலியோ இல்லை.

ஹைம் இதோடு விட்டிருந்தால் அது ஒரு மனிதரின் கதையாகவே போயிருக்கும். அவரோ தம்மைப்போல் விழுந்து பிழைத்த மலையேறிகள், சாரத்திலிருந்தும் கூரையிலிருந்தும் விழுந்த தொழிலாளர்கள் எனப் பலரைத் தேடிக் கேட்டார். பெரும்பாலோர் சொன்னது ஒத்துப்போனது. 1892-இல் சுவிஸ் ஆல்ப்ஸ் மன்றத்தின் ஆண்டிதழில் அதை வெளியிட்டார். மலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள், கடைசி நொடியில் அவர்கள் எப்படித் துடித்தார்களோ என்று எண்ணி வதைபடத் தேவையில்லை என்ற அக்கறையும் அவருக்கு இருந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த ஆராய்ச்சியின் உண்மையான தொடக்கம் அங்கேதான் இருக்கிறது: நேர்ந்தவரிடமே போய்க் கேட்பது, பலரிடம் கேட்பது, ஒத்துப்பார்ப்பது.

1896-இல் பிரெஞ்சுத் தத்துவ இதழ் ஒன்றில் விக்தோர் எஜேர் என்பவர், சாகிறவரின் மனத்தில் என்ன நடக்கிறது என்று ஹைமின் கட்டுரையை வைத்து விவாதித்தார். அதற்குப் பிறகு நெடுங்காலம் பெரிய முன்னேற்றம் இல்லை. காரணம் எளியது. விழுந்தும் மூழ்கியும் தற்செயலாகப் பிழைத்தவர்கள் சிலரே.

இரண்டு கைகள் போதும்

1960-இல் நிலைமை மாறியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று கட்டுரை வெளியிட்டார்கள். இதற்கு வேண்டியது இரண்டு கைகள் மட்டுமே என்று அதில் எழுதினார்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவியும் அதற்குச் சற்று முன்பே வந்துவிட்டிருந்தது. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முறையும் சேர்ந்துகொள்ள, இன்று சி.பி.ஆர். என்று நாம் சொல்லும் முதலுதவி உருவானது.

வகுப்பில் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தும்போது, சரியான ஆழத்துக்குப் போனால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். இரண்டே நிமிடத்தில் திடகாத்திரமான ஆளுக்கும் மூச்சு வாங்கும். இந்த 'டக்' சத்தத்துக்கும் மரண விளிம்பு ஆராய்ச்சிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1960-க்கு முன் இதயம் நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. அதற்குப் பின் மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் பலர் திரும்பி வந்தார்கள். அவர்களில் சிலருக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. கேட்பதற்குத்தான் யாரும் இல்லை.

ரேமண்ட் மூடி செய்தது என்ன?

கேட்டவர்களில் பெயர்பெற்றவர் ரேமண்ட் மூடி. 1960-களின் நடுவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தத்துவ மாணவராக இருந்தபோது, ஜார்ஜ் ரிச்சி என்ற மனநல மருத்துவரின் அனுபவம் அவர் காதுக்கு வந்தது. 1943-இல் டெக்சாஸில் ராணுவப் பயிற்சி முகாமில் நிமோனியாவால் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டுப் பிழைத்தவர் ரிச்சி. பின்னர் மூடியே தத்துவம் கற்பித்தபோது, ஒரு மாணவர் தம் பாட்டிக்கு நேர்ந்ததாகச் சொன்னது ரிச்சி சொன்னதைப் போலவே இருந்தது. இப்படி ஏறக்குறைய 150 பேரின் அனுபவங்களைத் திரட்டி 1975-இல் 'லைஃப் ஆஃப்டர் லைஃப்' என்ற நூலாக வெளியிட்டார். அது உலகெங்கும் லட்சக்கணக்கில் விற்றது. மரண விளிம்பு அனுபவம் என்ற பெயரே அதன் மூலம்தான் பரவியது.

தலைப்பைப் பார்த்து, மறுவாழ்வை நிரூபிக்க எழுதியது என்று எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் மரணத்துக்குப் பின் வாழ்வு உண்டு என்று நிரூபிப்பது தம் நோக்கமில்லை என்று மூடி அந்த நூலிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார். கதைகளைத் தாமாக முன்வந்து சொன்னவர்களிடமே கேட்டார். ஒன்றும் நினைவில்லாதவர் எதற்காக மூடியைத் தேடி வரப்போகிறார்? அதனால் மீண்டவர்களில் எத்தனை பேருக்கு இப்படி நேர்கிறது என்பதை அவருடைய தொகுப்பிலிருந்து சொல்ல முடியாது. கதவைத் திறந்தது அவர். அளவெடுத்தது அவருக்குப் பின் வந்தவர்கள்.

கதையிலிருந்து கணக்குக்கு

கென்னத் ரிங் என்ற உளவியலாளர், சாவின் அருகே சென்றுவந்த 102 பேரிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டு 1980-இல் முடிவுகளை வெளியிட்டார். 1983-இல் புரூஸ் கிரேசன் என்ற மனநல மருத்துவர் 16 கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 32-இல் 7-ஐத் தொட்டால்தான் அது மரண விளிம்பு அனுபவமாகக் கணக்கில் எடுக்கப்படும். ஜுரத்தைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன காலம் போய்த் தெர்மாமீட்டர் வந்ததற்கு ஒப்பான மாற்றம் இது. இன்றுவரை அதுவே பயன்பாட்டில் இருக்கிறது.

1990-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வை நான் எல்லாரிடமும் சொல்வேன். இப்படி அனுபவம் சொன்ன 58 பேரின் மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 30 பேர் உண்மையில் சாவின் அருகே போகவே இல்லை. போய்விட்டோம் என்று நம்பியிருந்தார்கள். உயிர் போகிறது என்ற உறுதியான எண்ணமே இந்த அனுபவத்தின் பல கூறுகளைக் கொண்டுவர வல்லது என்று அதிலிருந்து தெரிந்தது. 1896-இல் மதுரையில் 16 வயது வேங்கடராமனுக்கு, பின்னாளில் ரமண மகரிஷி, உடம்பில் எந்த நோயும் இல்லாதபோது சாகப்போகிறோம் என்ற அச்சம் திடீரென்று வந்ததும், அவர் பிணம்போல் படுத்து உள்ளே கவனித்ததும் நாம் அறிந்ததே. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: நிஜமாகவே சாவின் அருகே சென்ற 28 பேரிடம் ஒளியும், சிந்தனைத் தெளிவும் கூடுதலாகச் சொல்லப்பட்டன. உடலின் நிலைக்கும் பங்கு உண்டு என்பது அதனால் புலப்பட்டது.

அடுத்த படி, முன்னோக்கு ஆய்வு. கதை சொல்ல வருகிறவருக்காகக் காத்திருக்காமல், இதயம் நின்று மீண்ட ஒவ்வொருவரையும் வரிசையாகக் கேட்பதே முன்னோக்கு ஆய்வு. நெதர்லாந்தின் இதய மருத்துவர் பிம் வான் லொம்மல், 10 மருத்துவமனைகளில் மீண்ட 344 பேரைக் கேட்டு 2001-இல் முடிவை வெளியிட்டார். 62 பேர், அதாவது 18 சதவீதம் பேர், ஏதோ ஓர் அனுபவத்தைச் சொன்னார்கள். மற்ற 82 சதவீதத்துக்கு எதுவும் நினைவில்லை. இதயம் எவ்வளவு நேரம் நின்றது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதற்கும் அனுபவம் வந்ததற்கும் அவர் தொடர்பு காணவில்லை.

மருத்துவர் சாம் பார்னியா தலைமையில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு இன்னும் பெரியது: 2,060 இதய நிறுத்தங்கள், பிழைத்தவர்கள் 330 பேர், பேச முடிந்தவர்கள் 140 பேர். முழு நேர்காணலும் முடிந்த 101 பேரில் 9 சதவீதத்தினரே மரண விளிம்பு அனுபவம் சொன்னார்கள். மேலிருந்து பார்த்ததாகச் சொல்வதைச் சோதிக்க, கூரையை ஒட்டிப் பலகைகள் பொருத்தி, மேலே இருந்து பார்த்தால் மட்டுமே தெரியும் படங்களை வைத்திருந்தார்கள். கண்டதையும் கேட்டதையும் விரிவாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். அவர்கள் இருவருக்கும் இதயம் நின்றது பலகை இல்லாத இடங்களில். சோதனை நடக்காமலே போயிற்று.

கணக்கு சொல்வது இதுதான்: அனுபவம் உண்மையாகவே சிலருக்கு வருகிறது, பொய் சொல்கிறார்கள் என்று ஒதுக்க முடியாது. பலருக்கு வருவதில்லை. உடலை விட்டு வெளியேறினார்கள் என்பதற்கு இந்தச் சோதனைகளில் சான்று கிடைக்கவில்லை.

ஆள் மாறிய கதை நம்முடையது

பந்தலில் கேட்ட பெரியப்பா கதையையும் ஆராய்ந்தவர்கள் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சத்வந்த் பஸ்ரிச்சா, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இயன் ஸ்டீவன்சனோடு சேர்ந்து வட இந்தியாவில் 16 பேரின் அனுபவங்களை 1986-இல் வெளியிட்டார். பின்னர் தென்னிந்தியாவில், கர்நாடகத்தின் சென்னபட்டணம் பகுதியிலும் தேடினார். வட இந்தியர்கள் சொன்னதில் குகையைக் காணோம். தூதர்கள் வந்து அழைத்துப்போகிறார்கள். பதிவேடு வைத்திருக்கும் ஒருவர் முன் நிறுத்துகிறார்கள். வேறு ஆளைக் கொண்டுவந்தது தெரிந்து திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்கர் பிள்ளைகளுக்காகத் திரும்பினேன் என்கிறார். நம்மவர் கணக்குப் பிசகியதால் திரும்பினேன் என்கிறார்.

சித்திரகுப்தன் கணக்கைக் கேட்டு வளர்ந்த மனம், விளிம்பில் நிற்கும்போது அந்தப் பதிவேட்டையே காண்கிறது. இதனால் அந்த மனிதர் பொய் சொன்னார் என்று ஆகாது. உணர்வு பொதுவானதாக இருக்கலாம். அதற்கு உருவம் கொடுப்பது நாம் வளர்ந்த வீடும் தெருவும் என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது. வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு, குகை வராததால் பெரியப்பா சொன்னது போலி என்று பேசுகிறவர்கள் இந்த 16 பேரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மூளையில் என்ன நடக்கிறது?

2002-இல் சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கே குழுவினர், வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையில் வலது காதுக்கு மேலே சற்றுப் பின்புறமாக உள்ள ஓர் இடத்தை மெல்லிய மின்சாரத்தால் தூண்டியபோது, அவர் தன் உடலை மேலிருந்து பார்ப்பதாகச் சொன்னார். நாம் உடலுக்குள்ளே இருக்கிறோம் என்ற உணர்வையே மூளை இடைவிடாமல் கட்டிக்கொண்டிருக்கிறது, அது குலையவும் கூடும் என்று இதிலிருந்து அறிகிறோம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் குழு 2013-இல் எலிகளின் இதயத்தை நிறுத்திப் பார்த்தது. மூளை உடனே அடங்கவில்லை. முதல் அரை நிமிடத்தில் காமா அலைகள் எனப்படும் வேகமான மின்னலைகள் எழும்பின. விழித்திருந்து கவனிக்கும் மூளையில் காணப்படும் அலைகள் அவை. 2023-இல் செயற்கைச் சுவாசம் விலக்கப்பட்ட நான்கு நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது இருவரிடம் அதே எழுச்சி தெரிந்தது. ஆனால் நால்வருமே இறந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அவர்கள் ஏதேனும் கண்டார்களா என்று கேட்க வழியில்லை.

சிக்கலின் முடிச்சு இங்கேதான். அனுபவம் எப்போது நிகழ்கிறது? நினைவு தப்புவதற்கு முந்தைய சில நொடிகளிலா, மூளை அடங்கிக் கிடக்கும்போதா, நெஞ்சை அழுத்துவதால் கொஞ்சம் ரத்தம் மேலே ஏறும்போதா, கண் விழிக்கும் தருவாயிலா? கனவு நீண்டதாகத் தோன்றினாலும் எவ்வளவு நேரம் கண்டோம் என்று நமக்கே தெரியாது; இதுவும் அப்படியே. ஹைமுக்குச் சில நொடிகளுக்குள் ஒரு வாழ்க்கையே ஓடியது.

உங்கள் வீட்டில் ஒருவர் மீண்டு வந்தால்

யாராவது நினைவிழந்து விழுந்து மூச்சும் அசைவும் இல்லை என்றால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். பிழைத்து வந்தவர் எதையோ கண்டதாகச் சொன்னால், மூளை குழம்பிவிட்டது என்று அடக்காதீர்கள். சாமி கண்டார் என்று தெருவைக் கூட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். "குகை தெரிந்ததா? வெளிச்சம் வந்ததா?" என்று எடுத்துக்கொடுக்காமல், "என்ன நினைவிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். உறவினர்கள் வந்து ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். எதுவும் நினைவில்லை என்று சொன்னால் அதையும் எழுதுங்கள். இதயச் சிகிச்சைக்கு அடுத்த முறை போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.